கோவில்பட்டியில் எங்கள் எழுத்தாளர் வட்டம்: வாசிப்புக் கூட்டங்களும் உறுப்பினர் படைப்புகளும்

உள்ளூர் எழுத்தாளர் அமைப்புகளில் இயங்கிவருகிறவர்கள் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். கோவில்பட்டியில் நாங்கள் நடத்திவரும் சிறு வட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே பகிர்கிறேன். எங்கள் வட்டத்திற்குப் பதிவெண் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகளும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஆசிரியைகள் சிலர், ஒரு தையற்காரர், தீப்பெட்டி ஆபீஸில் பல ஆண்டுகள் வேலைபார்த்த ஓர் அக்கா, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் என்று வருகிறவர்கள் பல தரப்பினர். தேநீருக்கும் காராச்சேவுக்கும் ஆகிற செலவை அன்றன்றைக்கு வந்தவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள்.

இந்த ஊரில் எழுத வருகிறவருக்குக் கிடைக்கிற பெருமையும் பாரமும் ஒன்றுதான். பக்கத்திலுள்ள இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்த பிறகு கிடைத்தது, கி.ரா.வுக்கு 1991இல் கிடைத்தது. அதே வட்டாரத்துப் பூமணி 2014இலும், உருளைக்குடி சோ. தர்மன் 2019இலும் அந்த விருதைப் பெற்றார்கள். தேவதச்சனின் கவிதைகளும், கோணங்கி நடத்திவரும் ‘கல்குதிரை’ இதழும் இந்த ஊருக்குரியவை. இத்தனை பேர் நடந்த தெருவில் நின்றுகொண்டு முதல் கதையை எழுதுகிற ஒரு பையன், தன்னை அறியாமலேயே கி.ரா.வின் குரலை இரவல் வாங்கிக்கொள்கிறான். வேப்பமரத்தடி, சம்சாரி, கரிசல் வெடிப்பு என்று எல்லாம் வந்துவிடும். அவன் வீட்டில் நேற்று நடந்த பேச்சு மட்டும் வராது. எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர்கள் இதைக் கண்டிப்பதில்லை. “உங்க அம்மா காலையில என்ன பேசினாகளோ அதெ ஒரு பக்கம் எழுதிட்டு வா தம்பி” என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு பக்கம் பெரும்பாலும் அவன் முதலில் வாசித்த கதையைவிட உயிரோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தின் முறை எளிமையானது. எழுதியவர் தம் கதையை அல்லது கவிதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை. வாசித்து முடித்ததும், மற்றவர்கள் பேசி ஓயும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவர்கள் “நன்றாக இருக்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த இடத்தில் தம் மனம் கதையை விட்டு விலகியது என்பதைச் சொல்ல வேண்டும். பொன்னாடையும் புகழுரையும் நிறைந்த கூட்டங்களை நம்மில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த நூலை முழுவதும் படித்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஒருவரின் எழுத்தை முழுமையாகக் கேட்டுவிட்டு, கேட்டதைப் பற்றி மட்டும் பேசுவதுதான் ஓர் உள்ளூர் அமைப்பு அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த முறையின் பயனை நான் நேரில் கண்டது, கல்லூரி மாணவர் ஒருவர் தீப்பெட்டித் தொழில் பற்றிய கதையை வாசித்த அன்றுதான். கதையில் ஒரு சிறுமி நாள் முழுவதும் கட்டை அடுக்குகிறாள், அதாவது தீக்குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்குகிறாள்; மாலையில் வீட்டுக்கு வந்து, கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாடையோடு தம்பியைத் தூக்குகிறாள். உருக்கமான முடிவு என்று சிலர் பாராட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்த்த அக்கா அதுவரை கூட்டங்களில் ஒரு வார்த்தையும் பேசாதவர். அன்று அவர், “தம்பி, மருந்து முக்குறது வேற ஆளு. கட்டை அடுக்குற பிள்ளெ கையில மருந்து எங்கெ படும்? அவளுக்கு விரல் நுனிதாம்ப்பா போகும். சிலாம்பு ஏறாத விரலே கிடையாது” என்றார். சிலாம்பு என்பது சதையில் தைக்கும் மரச் சிராய். சொன்னதோடு நிற்கவில்லை. வகுப்பறை மேசையின் விளிம்பில், பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டம் அங்கே இருப்பதுபோல வைத்துக்கொண்டு, ஒரு பிடி குச்சியை எப்படிப் பரப்பி உள்ளங்கையால் தள்ளினால் பள்ளத்துக்கு ஒன்றாக அவை விழும், விழாத குச்சியை எந்த விரல் தேடிப் போகும், அடுத்த சட்டத்தை எப்படி மேலே வைத்து இறுக்க வேண்டும் என்பதை வெறுங்கையால் செய்துகாட்டினார். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த விரல்கள் ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை. மாணவர் முடிவை மட்டுமல்லாமல் கதையையே மாற்றி எழுதினார். அடுத்த வாசிப்பில் மருந்து வாடை இல்லை. தம்பியின் முதுகைத் தடவ மறுக்கும், சிலாம்பு தைத்த ஒரு கை இருந்தது.

அன்றிலிருந்து அந்த அக்காவும் எழுதத் தொடங்கினார் என்பது எங்கள் வட்டத்திற்குக் கிடைத்த பெரும் பேறு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். முதலில் சொல்லச் சொல்ல ஆசிரியை ஒருவர் எழுதிக்கொண்டார். பிறகு அவரே நாற்பது பக்க நோட்டு ஒன்றில், முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ இல்லாமல் எழுதிக்கொண்டுவந்தார். விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி, தூக்கம் கலையாத பிள்ளையை வண்டிக்குள் ஏற்றிவிட்டுத் தூக்குவாளியைப் பிறகு நீட்டும் தாய், அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று போடும் கணக்கு, கணக்கில் கழிக்கப்படும் கட்டைகள் ஆகியவையே அவர் எழுதியவை. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம் வந்தது 1986இல். அதற்கு முந்தைய கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரக் குழந்தைகளின் காலைப் பொழுதைப் பற்றி ஆய்வறிக்கைகள் பல உண்டு. பூமணி இதே பொருளில் ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படத்தை இயக்கினார். ஆனால் அந்த வண்டியில் ஏறிய ஒரு பெண் தன் கையால் எழுதியதை நான் முதன்முதலாகப் படித்தது அந்த நோட்டில்தான்.

அந்த நோட்டைச் செம்மைப்படுத்துவதா, அப்படியே விடுவதா என்று எங்களுக்குள் கடுமையான விவாதம் நடந்தது. ஆசிரியைகள் இருவர், சந்திப் பிழைகளைத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுத்தால் படிக்கிறவர்கள் எழுதியவரைக் குறைவாக மதிப்பார்கள் என்றார்கள். அது அவர் மேல் கொண்ட அக்கறையால் வந்த பேச்சு என்பதில் ஐயமில்லை. ரயில்வே பெரியவரோ, “ஒத்தெ இழுத்தாலும் மொத்தமும் கலைஞ்சு போகும், தொடாதீக” என்று மறுத்தார். கடைசியில் அக்காவிடமே கேட்டோம். வாசிக்கும்போது தமக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே மட்டும் புள்ளி வைக்கலாம் என்றார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் புள்ளி வைத்தோம். எனக்குத் தெரிந்து அதைவிடச் சிறந்த பதிப்பு முறை வேறில்லை.

2021ஆம் ஆண்டு மே 17 அன்று கி.ரா. புதுச்சேரியில் காலமானார். அவர் உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு, மே 19 அன்று அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. கொரோனா ஊரடங்கு நடப்பிலிருந்த நாட்கள் அவை; இவ்வளவு அருகில் இருந்தும் எங்களில் பெரும்பாலோரால் போக இயலவில்லை. அன்று இரவு கைப்பேசி வழியே ஒன்றுகூடி, இரங்கலுரை எதுவுமின்றி அவர் கதைகளை மட்டும் ஆளுக்கொன்றாக வாசித்தோம். மறுஆண்டே கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் அமைத்துத் திறந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அவர் தொடங்கிவைத்த வேலையைத் தொடர்வதே எங்களைப் போன்ற சிறு அமைப்பால் செய்யக்கூடியது என்று அந்த வாசிப்பு இரவிலேயே பேசியிருந்தோம். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை அவர் 1982இல் கொண்டுவந்தபோது, பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. ஊர் ஊராக இருந்த நண்பர்கள்தாம் உதவினார்கள். அந்த முன்மாதிரியில்தான், சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதும் பணியைத் தொடங்கினோம்.

அந்தப் பணியில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில் எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் கதை சொல்ல இசைந்தார். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியை ஒலிப்பதிவுக்கு வைத்துவிட்டு, பதிவில் வேறு சத்தம் வந்துவிடக் கூடாது என்று மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு அண்ணன்மாருக்கு ஒரு தங்கச்சி என்று தொடங்கிய பாட்டி, நான்கு வாக்கியம் சொன்னதும் நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமோ என்று நாங்கள் எழுந்தபோது, “என்னய்யா, எல்லாரும் ஊமெ மாதிரி உக்காந்திருக்கீக? ‘ம்’ கொட்ட ஆளில்லன்னா நான் யாருக்குக் கதெ சொல்றது?” என்று கேட்டார். கூட வந்திருந்த தையற்காரர் உடனே பாட்டியின் எதிரே நகர்ந்து உட்கார்ந்து, “சொல்லுங்க ஆத்தா, ஏழு பேருக்கும் ஒரு தங்கச்சி... ம்...” என்றார். பாட்டி தொடர்ந்தார். தையற்காரரின் ‘ம்’ சில இடங்களில் வியப்பாக நீண்டது, சில இடங்களில் வெட்டென்று விழுந்தது, அண்ணிமார் தங்கச்சிக்குக் கொடுமை செய்யும் இடத்தில் “அடப்பாவிகளா” என்று மாறியது. அதற்கேற்பப் பாட்டியும் கதையை நீட்டினார், சுருக்கினார், ஓரிடத்தில் பழைய பாட்டு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பிறகு அந்த ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது, ‘ம்’களை நீக்கிவிடலாமா என்ற கேள்வி வந்தது. நீக்கிப் பார்த்தோம். எல்லாச் சொற்களும் இருந்தும் கதை நொண்டியது. முக்கியமான சில இடங்களில் அவற்றைத் திரும்பச் சேர்த்தோம்.

உறுப்பினர்களின் படைப்புகளையும் சேகரித்த கதைகளையும் தொகுத்து நூலாக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அச்சிட்டு, விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த அனுபவம் மூத்தவர்களுக்கு உண்டு. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட முடிவதால் அந்தச் சுமை குறைந்திருக்கிறது. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தங்களைச் சேர்க்காமலேயே அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி அச்சிடச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வெளியீட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் என்று யாரையும் அழைக்கவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவரின் படைப்பிலிருந்து ஒரு பக்கம் வாசித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா எழுதியதை, அன்று அவரால் திருத்தப்பட்ட அதே மாணவர் வாசித்தார்.

புதிதாக இப்படி ஒரு வட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி உதவும் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகக் கதை சேகரிக்கிறவர்கள் பலர், கதை சொன்னவரின் பெயரைப் பின்னட்டையில் நன்றிப் பட்டியலில் பொடி எழுத்தில் போட்டு முடித்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிற வழக்கம். எங்கள் தொகுப்பில் கதையின் தலைப்புக்குக் கீழே சொன்னவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. எழுதி எடுத்தவரின் பெயர் கதை முடிந்த பிறகு வருகிறது. கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் புத்தகம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஏழு அண்ணன்மார் கதையைச் சொன்ன பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பேத்தியைக் கூப்பிட்டு அங்கேயே உரக்க வாசிக்கச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி, அந்தப் பாட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றார். அந்த வரியைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அடுத்த அச்சில் சேர்ந்துவிடும்.