சுங்கை சிப்புட் – மாரியம்மன் உபயம்

பெரிய அத்தை: 500 வெள்ளி கட்டிருக்கேன். ரசீதுல 'ராஜலட்', அப்புறம் கறுப்பா ஒரு கட்டம், உள்ள கேள்விக்குறி. என் பேர வெட்டச் சொன்னது யாரு?

சின்ன மாமா: 🙏

பெரிய அத்தை: முதல் மாலை விஷயத்த இன்னும் மனசுல வச்சிருக்காங்க

சித்தி: அண்ணி ஆரம்பிக்காதீங்க

கேஎல் தம்பி: அத்தை, யாரும் வெட்டலை. ரசீது அடிக்கிற புரோகிராம் பிஎச்பில எழுதினது, அதுல பேருக்கு 20 இடம்னு 'சப்ஸ்டர்'ங்கிற வெட்டுற கட்டளை போட்டிருக்கு. அது எழுத்தை இல்ல, பைட்டைத்தான் (கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்ன அளவு) எண்ணும். யுடிஎஃப்-8ங்கிற எழுத்துச் சேமிப்பு முறைல இங்கிலீஷ் எழுத்து 1 பைட், தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட். ராஜலட்சுமிக்கு கால், புள்ளி, கொக்கி எல்லாம் சேர்த்து 10 குறி, 30 பைட். 'ட்' வரைக்கும் 18. மிச்ச 2 பைட்ல 'ச' முழுசா அடங்காது, அதான் கேள்விக்குறி.

சின்ன மாமா: மணி பேரு மட்டும் முழுசா வந்திருக்கே

கேஎல் தம்பி: 9 பைட்தானே மாமா

பெரிய அத்தை: கட்டுனதும் 20 வெள்ளிதான்

சித்தி: அன்னதானத்துக்கு தயிர் யாரு சொல்றது?

கேஎல் தம்பி: அதுக்குப் பதிலா குறிய எண்ணுற 'எம்பி_சப்ஸ்டர்' போட்டா கேள்விக்குறி போயிடும். ஆனா புள்ளியும் அதுக்கு ஒரு குறி. 12ன்னு வச்சா, கோவிந்தம்மாள் 13 குறி, கடைசிப் புள்ளி விழுந்து 'கோவிந்தம்மாள'ன்னு வரும்.

சித்தி: பாட்டி காதுல விழப்போகுது 😂

கேஎல் தம்பி: 'கிராஃபீம்_சப்ஸ்டர்' அதே பேர நாம எண்ணுற மாதிரி 7 எழுத்துன்னு எண்ணும். சர்வர்ல 'இன்டல்'ங்கிற பிஎச்பி கூடுதல் தொகுப்பு இருக்கணும். அதுலயும் 'ஸ்ரீ' ரெண்டுதான், நடுவுல வெட்டுப்படலாம். என்னைக் கேட்டா வெட்டவே வேணாம், அடுத்த வரிக்கு மடக்குங்க.

சின்ன மாமா: தயிர் 40 லிட்டர் போதும்லா

சின்னக்கா: போன வருஷம் மிச்சமானது மறந்துபோச்சா

ரசீது அண்ணன்: தொகை கோணலா நிக்குதே, அதுவும் இதானா?

கேஎல் தம்பி: ஆமாண்ணே, வரிசையா நிக்க இடம் விடுற 'ஸ்டர்_பேட்'டும் பைட் கணக்குலதான் விடுது. பிஎச்பி 8.3ல குறிக் கணக்குல இடம் விடுற 'எம்பி_ஸ்டர்_பேட்' இருக்கு. இருந்தாலும் 'ணை' அகலமும் 'ர' அகலமும் ஒண்ணா? டேபிளா போட்டுடுங்க.

ரசீது அண்ணன்: பொன்னம்மா பாட்டி கட்டிட்டாங்க, தேடுனா வரலை

கேஎல் தம்பி: 'பொ'வோட கொம்பும் காலும் ஒரே குறியாவும் வரும், தனித்தனி ரெண்டாவும் வரும். பார்க்க ஒண்ணு, பைட் வேற, பிஎச்பி வேற பேருன்னு நினைச்சுக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் 'நார்மலைசர்' வச்சு என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்கு மாத்துங்க.

சின்ன மாமா: 🙏🙏

கேஎல் தம்பி: மாமா, அது ஒண்ணு 4 பைட். பேருங்களைச் சேமிக்கிற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டேபிள், குறிக்கு 3 பைட் வரைக்கும்தான் வாங்குற பழைய 'யுடிஎஃப்8'ல இருந்தா உள்ளயே போகாது. 'யுடிஎஃப்8எம்பி4' வேணும்.

சின்ன மாமா: கும்பிட்டதுக்கும் கணக்கா

பெரிய அத்தை: எனக்குப் புது ரசீது வருமா வராதா?

கேஎல் தம்பி: வரும் அத்தை. டேட்டாபேஸ்ல பேருக்கு வார்கேர் 20ன்னு இடம் வச்சிருந்தா அது குறிக் கணக்கு, உங்க பேரு முழுசா இருக்கு. திருத்திட்டு மறுபடி அச்சடிச்சா போதும்.

ரசீது அண்ணன்: வெள்ளி பார்க்கிறேன்

பெரிய அத்தை: எந்த வெள்ளி?

சின்ன மாமா: 500 வெள்ளி 😂

சித்தி: தயிர்???