சிங்கப்பூர் விலங்குத் தோட்டம்: கைக்குழந்தை தூங்கக் குளிரான இடம் வேண்டும்

வரும் வியாழன் மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டத்துக்குப் போகிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகளுக்கு 10 வயது, 6 வயது, 7 மாதம். தங்கியிருப்பது ஃபேரர் பார்க் பக்கம். தோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, காதிப் நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார் வேண்டாம், அதில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், எங்களிடம் அது இல்லை.

சிக்கல் தூக்கம்தான். சின்னவன் காலை 10 மணிக்குத் தூங்கினால் ஒன்றரை மணி நேரம். மூத்த பிள்ளைகள் இருவருக்கோ அதே நேரத்தில் தோட்டத்துக்குள் இருக்கும் சிறுவர் பகுதியான கிட்ஸ்வேர்ல்டில் தண்ணீர் விளையாட்டு வேண்டும். அதைப் பிற்பகலுக்குத் தள்ள முடியாது. அப்போது இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

குழந்தையின் தள்ளுவண்டி, மடித்து விமானத்தில் கொண்டுவந்த வகை, இருக்கை முழுதாகச் சாயாது. இந்த வாரம் தாவரவியல் பூங்காவில் முயன்றதில் 20 நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்த்து எழுந்துவிட்டான். வண்டியில் மாட்டும் மின்விசிறி சூடான காற்றையே தள்ளுகிறது. முதுகுக்கு விரித்த பருத்தித் துண்டு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் நனைந்துவிடுகிறது. உடலோடு கட்டிக்கொள்ளும் தூளியில் போட்டால் எங்கள் உடல் சூடும் சேர்கிறது. வண்டிமேல் துணி போர்த்தச் சொல்லாதீர்கள், உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறும், ஆபத்து. தூக்கத்தை முன்னால் நகர்த்தியும் பார்த்தோம், ரயிலில் அரைகுறையாகத் தூங்கி நாள் முழுக்க அழுகை.

கிட்ஸ்வேர்ல்டிலிருந்து நடக்கும் தூரத்தில், வண்டியை மடிக்காமல் ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்காரக்கூடிய, குளிரூட்டப்பட்ட, சத்தம் குறைந்த இடம் எது?