அஃபிலியேட் போட்டி முடிந்த கையோடு ரீஃபண்ட் குவிகிறது, எங்கே ஓட்டை?

கோவை_கோர்ஸ்:
வணக்கம். ஆன்லைனில் எக்செல் கோர்ஸ் விற்கிறோம். விலை ஜிஎஸ்டி சேர்த்து ₹2,999, அஃபிலியேட்டுக்கு (தன் லிங்க் மூலம் விற்றுத் தருபவருக்கு) கமிஷன் ₹900, ரீஃபண்ட் 7 நாள். தீபாவளிக்கு அவர்களுக்குள் 10 நாள் விற்பனைப் போட்டி வைத்தோம். முதல் பரிசு ₹45,000 போன், அடுத்து ₹20,000, ₹10,000 ரொக்கம். முடிந்த மறுநாளே முடிவை அறிவித்துவிட்டோம்.
இப்போது சிக்கல்: 140 அஃபிலியேட்டுகளில் விற்றது 11 பேர்தான். கடைசி ராத்திரி முதல் இரண்டு பேருக்கும் ஆர்டர் கொட்டியது, அடுத்த வாரம் அதில் பாதி ரீஃபண்ட். போதாததற்கு கடைசி நாள் எண்ணிக்கை அஃபிலியேட் மென்பொருளின் டாஷ்போர்டில் ஒன்று, பேமென்ட் ரிப்போர்ட்டில் வேறொன்று. பரிசு எதுவும் இன்னும் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு மறுபடி நடத்தணும். என்ன மாற்றலாம்?

கணக்குப்பிள்ளை:
முதல் பரிசுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ₹25,000. ஒருவர் தன் லிங்க்கில் தானே வாங்கினால் கமிஷன் போக கையைக் கடிப்பது ₹2,099. அதாவது 11 ஆர்டர் வரை சொந்தக் காசில் போட்டாலும், ரீஃபண்டே கேட்காவிட்டாலும், அவருக்கு லாபம்தான்! ரீஃபண்டும் உண்டென்றால் செலவே இல்லை. ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை சார், பரிசு அமைப்பே அப்படி.
ரேங்க் பரிசைச் சுருக்கி, படிப் பரிசு வையுங்கள். 5 விற்பனைக்கு ₹500, 12 தொட்டால் மேலே ₹1,500, 25 தொட்டால் மேலே ₹4,000. 25 விற்றவருக்கு மொத்தம் ₹6,000, அதாவது ஒரு விற்பனைக்கு ₹240. ஜிஎஸ்டி போக உங்கள் கையில் ₹2,541, கமிஷன் போனால் ₹1,641. ₹240 தாராளமாகத் தாங்கும். முதலிடத்துக்கு ₹15,000 போதும், அதுவும் குறைந்தது 40 விற்றிருந்தால் மட்டும். 129 பேர் சும்மா இருந்ததற்குக் காரணமும் இதுதான். வழக்கமாக முதலில் வரும் இரண்டு பேரை முந்த முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். 5 விற்பனை என்றால் கை எட்டும் தூரம்.

ட்ராக்கிங்_தம்பி:
எண்ணிக்கை வித்தியாசத்துக்கு முதலில் டாஷ்போர்டின் டைம் ஸோனைப் பாருங்க. நிறைய மென்பொருள் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடும். நம் நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். டாஷ்போர்டில் 31-ம் தேதி நள்ளிரவு என்று மூடினால், இங்கே 1-ம் தேதி விடியற்காலை 5:30 வரை ஆர்டர் ஏறும். இந்திய நேரம் இரவு 11:59-க்கு மூட, யுடிசி 18:29 என்று போடணும்.
அடுத்தது யுபிஐ பெண்டிங். 11:57-க்கு ஆர்டர் உருவாகி, பணம் 12:04-க்கு உறுதியானால் அது எந்த நாள்? பணம் உறுதியான நேரம்தான் கணக்கு என்று விதியில் ஒரு வரி எழுதிடுங்க. ஒருவர் லிங்க்கில் வந்து இன்னொருவர் கூப்பன் போட்டால் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கணும். கூப்பனுக்கே முன்னுரிமை கொடுத்தால் தகராறு குறையும். ஆனா கூப்பன் தளத்தில் அந்தக் கூப்பன் கோடு கசிந்தால் அந்த ஆர்டர் போட்டிக் கணக்கில் சேராதுன்னும் சேர்த்து எழுதுங்க.

புதுவரவு:
விற்ற எல்லாருக்கும் டோக்கன் கொடுத்து குலுக்கல் வைத்தால் நிறையப் பேர் வருவாங்களே?

கணக்குப்பிள்ளை:
வேண்டாங்க. தமிழ்நாட்டில் 1979-லிருந்தே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கு, 2003-ல் லாட்டரிக்கும் தடை. அதிர்ஷ்டம் கலந்த எதையும் வக்கீலைக் கேட்காமல் தொடக்கூடாது. விற்பனை எண்ணிக்கை ஒன்றே அளவுகோலாக இருக்கட்டும்.

கோவை_கோர்ஸ்:
நன்றி. லீடர்போர்டை (யார் முன்னிலை என்ற பட்டியலை) நேரடியாகக் காட்டலாமா? பொங்கலுக்கும் போன் கொடுத்தால் வரி உண்டா? நாங்கள் பிரைவேட் லிமிடெட்.

ட்ராக்கிங்_தம்பி:
முதல் 7 நாள் காட்டுங்க, கடைசி 3 நாள் மூடி வைங்க. இன்னும் எத்தனை வேணும்னு தெரிந்தால்தானே அத்தனை போலி ஆர்டர் போட முடியும்? அவரவர் எண்ணிக்கையும் அடுத்த படிக்கு எத்தனை பாக்கி என்பதும் மட்டும் தினமும் வாட்ஸ்அப்பில் போகட்டும்.

ஆடிட்டர்_மாமா:
வரி உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 194ஆர் பிரிவு. ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் ₹20,000-க்கு மேல் பொருளாகப் பலன் போனால் 10% டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி). பொருளைப் பிய்த்து வரி பிடிக்க முடியாதே, அதனால் கையில் கொடுக்கும் முன்பே வரி கட்டியாகணும். ஜிஎஸ்டி நீங்கலாக ₹45,000 உள்ள போனுக்கு வரியை நீங்களே ஏற்றால் மதிப்பு ₹50,000 ஆகும், வரி ₹5,000. ஜெயித்தவரே முன்கூட்டி வரி கட்டுவதானால் சலான் நகல் வாங்கிக்கொண்டு போனைக் கொடுங்கள். பான் இல்லையென்றால் 20%. ரொக்கப் பரிசைக் கமிஷனோடு சேர்த்து 194எச் பிரிவில் 2% பிடிப்பது வழக்கம், எனவே ரொக்கம்தான் எளிது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், பிரிவு எண்கள் மாறிவிட்டன. ரிட்டர்னில் பழைய எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

கோவை_கோர்ஸ்:
இப்போது நிற்கும் தீபாவளிப் பரிசை எப்படி முடிப்பது?

கணக்குப்பிள்ளை:
அறிவிப்பில் என்ன எழுதினீர்களோ அதை முதலில் எடுங்கள். பிறகு ஒரு ஷீட்: ஆர்டர் எண், பணம் உறுதியான நேரம், யுபிஐ ஐடி, ரீஃபண்ட் உண்டா, முதல் பாடத்தைத் திறந்தாரா. ஒரே யுபிஐ ஐடியில் நாலைந்து ஆர்டர், ஒருவரும் லாகின் செய்யவில்லை என்றால் அது வாங்கினவர் கூட்டம் அல்ல. ரீஃபண்டைக் கழித்த பிறகும் முதலிடம் அதே ஆள்தான் என்றால் பேசாமல் கொடுத்துவிடுங்கள். ஆள் மாறினால் இருவருக்கும் அவரவர் ஆர்டர் பட்டியலை மட்டும், வாங்கியவர் போன் எண்ணை மறைத்து அனுப்பி, ஆட்சேபிக்க 5 நாள் கொடுங்கள். குரூப்பில் போட்டு உடைக்காதீர்கள்.
பொங்கல் விதியில் இதைச் சேருங்கள்: "7 நாள் ரீஃபண்ட் காலம் முடிந்து, போட்டி முடிந்த 10-வது நாள் இறுதி முடிவு. ரீஃபண்ட், சொந்த வாங்கல் கணக்கில் சேராது. சமநிலை என்றால் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவருக்கு."