டயதெர்மி புகையும் என் முகக்கவசமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் அப்பாவுக்கு வேலை. அவருடைய சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பார். இப்போது என் தலைமுடியை முகர்ந்துவிட்டு, அப்பாவின் வாடையே தேவலை என்கிறார்.

அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். மின்சாரச் சூட்டால் சதையை வெட்டும் டயதெர்மி கருவியின் முனை பட்டதும் நூலாகப் புகை எழும். முதல் வாரம் மயிர் பொசுங்கும் நாற்றம்; பிறகு மூக்கு மரத்துவிடும். அந்தப் புகையில் சுமார் 95 விழுக்காடு நீராவிதான். மிச்சத்தில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் உண்டு. துகள்களின் சராசரி அளவு 0.07 மைக்ரான். நாம் கட்டும் நீல முகக்கவசமோ நம் எச்சில் நோயாளியின் புண்ணில் தெறிக்காமலிருக்கத்தான். கன்னத்தோரம் காற்று தாராளமாக நுழையும்.

கோவிட் வந்த பிறகுதான் எனக்கு ஃபிட் டெஸ்ட் செய்தார்கள், முகக்கவசம் முகத்தில் இடைவெளியின்றி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை. என்95 அணிந்த தலைமேல் கூடுபோல ஒன்றைக் கவிழ்த்து, கசப்பு மருந்தைத் தெளித்து, ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியிலேயே நாக்கில் வேப்பங்காய்! சிறிய அளவு முகக்கவசம் கொடுத்ததும் கசப்பு நின்றது. அதுவரை நான் அணிந்ததெல்லாம் வெறும் அலங்காரம்.

புகை உறிஞ்சும் கருவி எங்கள் கூடத்திலும் இருக்கிறது, மூலையில், உறை போட்டபடி. சத்தம் போடுகிறதாம்.

மறுமொழி:
தங்கச்சி, என்95 துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். உறையைக் கழற்றச் சொல். குழாய் முனை வெட்டும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கை மறைக்கிறது என்று சர்ஜன் முனகுவார். நான் ஓய்வு பெறும்வரை முனகினார்கள். லேசரில் மரு எடுக்கும் நாளில் மட்டும் ஒருவரும் முனகியதில்லை. புகையோடு மருக் கிருமியும் வந்துவிடுமோ என்ற பயம்தான். நார்வேயில் லேசர் மருத்துவர் ஒருவருக்குக் குரல்வளையிலேயே மரு வந்த செய்தி 1991இல் வெளியானது. எங்கள் சர்ஜனும் அதை அறிந்திருந்தார்.

மறுமொழி:
அக்கா, நான் ஆண் தாதி. தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்த்தபோது ஃபிட் டெஸ்ட்டில் தோற்றேன். தாடி இருந்தால் என்95 முகத்தோடு ஒட்டாது. மேற்பார்வைத் தாதி திட்டவில்லை; விரதம் முடியும்வரை வார்டுக்கு மாற்றிவிட்டார். ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலில் முடியிறக்கிய மறுநாள் மீண்டும் அதே கசப்பு மருந்து. ஒரு துளியும் நாக்கில் படவில்லை.