ஒரு பருவம் அமெரிக்கச் சிறு கல்லூரியில்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பொருளாதாரம் படிக்கும் என் மகள், மினசோட்டாவின் கார்ல்டன் அல்லது அயோவாவின் கிரின்னல் போன்ற ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (ஒரே துறையோடு நிற்காமல் பல துறைப் பாடங்களையும் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி) பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படிக்க விரும்புகிறாள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து விவாதிக்கும் வகுப்பு அவளுக்கு மிகவும் பொருந்தும் என்றே நானும் நம்புகிறேன்.

கிரெடிட் கணக்குதான் பெரும் கவலை. கார்ல்டன் கல்வியாண்டைப் பத்து வாரப் பருவங்கள் மூன்றாகப் பிரித்து நடத்துவதால், அங்கே முடிக்கும் பாடங்களை இங்குள்ள பல்கலைக்கழகம் முழு செமஸ்டராக ஏற்குமா, அதற்குப் பாடத்திட்டத்தை முன்கூட்டியே காட்டி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டுமா என்பதைச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பரிமாற்ற மாணவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு ஒரு நோய்க்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், அதைக் கல்லூரி வழியாக எடுத்தீர்களா, தனியாகவா என்பதையும் அன்புகூர்ந்து குறிப்பிடுங்கள்.