கோத்தகிரி டீ பேக்டரி: ஃபெர்மென்டிங் டிரம் வெப்பநிலை சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, வழி சொல்லுங்கள்

சி.டி.சி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) லைனில் ஓடும் ஃபெர்மென்டிங் டிரம், அதாவது அந்த இலையைப் புளிக்க வைக்கும் சுழல் உருளை. நிமிடத்துக்கு சுமார் 1 சுற்று, மோட்டாருக்கு வி.எஃப்.டி (வேகத்தை மாற்றும் டிரைவ்). உள்ளே மூன்று வயர் பிடி100 (வெப்பத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்). சிக்னல் வெளியே வருவது பித்தளை ஸ்லிப் ரிங் (டிரம்மோடு சுற்றும் வளையம்), அதன்மேல் உரசி நிற்கும் கார்பன் பிரஷ் வழியாக. மழை பிடித்ததிலிருந்து ரீடிங் நிற்பதே இல்லை. 26 டிகிரி காட்டும், சட்டென்று 31, மறுபடி 26.

முதலில் சந்தேகப்பட்டது பிரஷ் ரெசிஸ்டன்ஸ். பிடி100-க்கு ஒரு டிகிரி என்றால் 0.385 ஓம்தான், பிரஷில் 1 ஓம் கூடினாலே இரண்டரை டிகிரி பிழை. மூன்று பிரஷும் ஒரே மாதிரி மாறாததால் வயர் ரெசிஸ்டன்ஸைக் கழிக்கும் மூன்று வயர் ஈடுகட்டலும் உதவாது. அதனால் டிரம்மிலேயே, ரீடிங்கைக் கரன்ட்டாக மாற்றி அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் பொருத்தியாயிற்று. குதிப்பு போய்விட்டது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லூப் (அந்தக் கரன்ட் ஓடும் சுற்று) சில மில்லி செகண்ட் அறுந்து, பி.எல்.சி-யில் (லைனை இயக்கும் கன்ட்ரோலர்) அலாரம் அடிக்கிறது.

செய்து பார்த்தவை: ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த், மோட்டார் கேபிளைத் தனி டிரேயில், ரிங்குக்கு இரண்டு பிரஷ், புது ஸ்பிரிங். வி.எஃப்.டி-யை நிறுத்தி டிரம்மைக் கையால் சுற்றினாலும் அதே இடத்தில் அறுகிறது, ஆக இது வி.எஃப்.டி இரைச்சல் இல்லை. ரிங்கில் அந்த இடத்தில் விரல் அகலத்துக்குக் கறுத்த படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் ஒரு ஷிப்ட் தாங்கும். இந்த வேகத்தில் பிரஷ் தானாகத் தேய்த்துச் சுத்தம் செய்யாது, இவ்வளவு சின்ன கரன்ட்டும் படலத்தை உடைக்காது. பி.எல்.சி-யில் ஃபில்டர் போட்டு மறைக்க விருப்பமில்லை. நிஜமாகவே வயர் அறுந்தால் தெரியாமல் போகும்.

ஈரம் சொட்டும் ஃபெர்மென்டிங் அறையில் வெள்ளி ரிங், சில்வர் கிராஃபைட் பிரஷ் போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியவர்கள் உண்டா, படலம் திரும்ப வந்ததா?