புதுப்பிப்பு: விற்பனைப் படங்களில் ஏஐ திருத்தம்

போன மாதம் எழுதியிருந்தேன்: நான் படம் விற்கும் தளத்தில், வாங்குபவரே ஏஐ வைத்துப் படத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று உரிம விதிகளைத் திருத்திவிட்டார்கள், எங்கள் பங்கு என்ன ஆகும் என்று. பதில் வந்துவிட்டது. திருத்தி வாங்கினாலும் வழக்கமான ராயல்டி, அதாவது ஒவ்வொரு விற்பனையிலும் எங்களுக்கு வரும் பங்கு, உண்டு. சரி, அது நியாயம்தான். பெரிய பட விற்பனைத் தளமான ஷட்டர்ஸ்டாக்கும் 2023 அக்டோபரில் இப்படித்தான் அறிவித்தது.

ஏஐ பயிற்சிக்கு, அதாவது ஏஐயைப் பழக்குவதற்கு, எங்கள் படம் போவதுதான் வேறு கதை. மொத்தமாக ஒரு தொகை போடுகிறார்கள். எந்தப் படத்துக்கு எவ்வளவு என்று கணக்கே இல்லை. கேட்டும் பதில் இல்லை.

அதைவிட மனதை உறுத்தியது பூ கட்டும் அக்காவின் படம். மாடல் ரிலீஸில் (படத்தில் இருப்பவர் தரும் ஒப்புதல் படிவம்) கையெழுத்து வாங்கியபோது "விளம்பரத்தில் வரலாம்" என்று மட்டுமே சொல்லியிருந்தேன். தளத்தின் ஏஐ திருத்தும் வசதியை அந்தப் படத்தில் நானே சோதித்துப் பார்த்தேன். மல்லிகை ரோஜாவானது. விரலில் சுற்றியிருந்த வாழைநார் தோலோடு ஒட்டிக்கொண்டது. நேரில் போய்க் காட்டினேன். "இது என் கை இல்லையே தம்பி" என்றார்.

அந்தப் படத்தை அன்றைக்கே தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். மற்றவை இருக்கின்றன, பயிற்சிக்கான அனுமதியை மட்டும் அணைத்திருக்கிறேன். இனி ரிலீஸ் படிவத்தில் ஏஐ திருத்தத்துக்குத் தனி வரி சேர்த்து, வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவேன்.